முடியாத கதையை வாசிக்கக் கொடுப்பவர்கள்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு, பிரித்தானியாவில் பிபிசி தொலைக்காட்சி ஒரு நாடகத் தொடரின் ஆறாவதும் இறுதியுமான பகுதியை ஒளிபரப்பியது. ஜேன் ஒஸ்டின் எழுதிய 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலின் தொலைக்காட்சி வடிவம் அது. அடுத்த நாள் ஒக்டோபர் 30. வலிகாமம் வெளியேறிய நாள். செம்மணி வீதியில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்துக்குள் நானும் ஒருத்தி. எனக்குப் பதினெட்டு வயது. பைக்குள் இரண்டு சட்டை, அம்மாவின் மருந்து, எல்லோருடைய சான்றிதழ்கள். வீட்டு மேசை லாச்சிக்குள் விட்டுவிட்டு வந்த 80 பக்கக் கொப்பியில் ஒரு கதை பாதியில் நின்றது. யாருக்கும் அதைக் காட்டியிருக்கவில்லை. முடிந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

இரண்டு நாட்களையும் வலிந்து முடிச்சுப்போட நான் விரும்பவில்லை. எங்கள் பக்கம் அப்போது ஐந்து வருடமாக மின்சாரம் இல்லை. பிபிசி என்றால் எங்களுக்குச் சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலியின் தமிழோசைதான். ஆனால் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, 'இதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும்' என்று கேட்டவர்களிடமிருந்து ஒரு வழக்கம் வலுப்பெற்றது. பாதியில் நிற்கும் கதையை வெட்கப்படாமல் பிறருக்கு வாசிக்கக் கொடுக்கும் வழக்கம். கால் நூற்றாண்டு கழித்து நானும் அதற்குள் போய்ச் சேர்ந்தேன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய பேரிலக்கியம் ஒன்றின் பாத்திரங்களையோ கதைக்கட்டையோ எடுத்துப் புதிதாக எழுதுவது நமக்குத் தெரியாத விடயமல்ல. புதுமைப்பித்தன் அகலிகையைத் திரும்ப எழுதியதை வாசித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் இதில் கூடுதலாக எடுத்தாளப்படும் எழுத்தாளர்களில் ஒருவர் ஒஸ்டின். 1990களின் பிற்பகுதியில், இணையம் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய காலத்தில், அவரது வாசகர்கள் தங்களுக்கென்று கூடுமிடங்களை அமைத்தார்கள். 'ரிபப்ளிக் ஒஃப் பெம்பர்லி' ஒன்று. பெம்பர்லி என்பது நாவலில் வரும் டார்சியின் மாளிகை. அங்கே 'பிட்ஸ் ஒஃப் ஐவரி' என்ற பகுதியில் கதைகள் வந்தன. ஒஸ்டினின் காலத்தையும் நடையையும் விட்டு விலகக் கூடாது என்பது அங்கே விதி. 'டேர்பிஷயர் ரைட்டர்ஸ் கில்ட்' என்ற மற்றது கொஞ்சம் தாராளம். பழைய காலத்துக் கதைகளை 'எபிலோக் அபி' என்ற அறையிலும், டார்சி இன்றைய அலுவலகத்தில் வேலை பார்ப்பது போன்ற கதைகளை 'ஃபன்டேசியா கலரி' என்ற அறையிலும் வைத்தார்கள். 2009இல் தொடங்கிய 'ஆர்கைவ் ஒஃப் அவர் ஓன்' என்ற பெரிய களஞ்சியத்திலும் இப்படியான கதைகள் நிறைய உண்டு. ஒஸ்டினின் நூல்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் யாரும் வழக்குப் போட முடியாது.

முறை எளிது. எழுதுபவர் ஓர் அத்தியாயத்தை முடித்தவுடன் வெளியிடுவார். அடுத்தது ஒரு கிழமையிலும் வரலாம், ஆறு மாதத்திலும் வரலாம். வெளியிடுமுன் ஒருவரோ இருவரோ சரிபார்ப்பார்கள். பீட்டா வாசகர் என்று அவர்களுக்குப் பெயர். ஒருவர் மொழியைப் பார்ப்பார். மற்றவர் காலத்தைப் பார்ப்பார்: மூத்த மகள் மட்டும்தான் 'மிஸ் பெனட்', இளையவளை 'மிஸ் எலிசபெத்' என்றுதான் அழைக்க வேண்டும் என்பது மாதிரியான சங்கதிகள். கதைகளில் பல 'ஒரு முடிச்சை மட்டும் மாற்று' என்ற வகை. டார்சி முதல் தடவை திருமணம் கேட்டபோதே எலிசபெத் சம்மதித்திருந்தால்? அவன் எழுதிய கடிதம் அவள் கைக்குக் கிடைக்காமலே போயிருந்தால்? இப்படி ஒரு கேள்வியோடு தொடங்கி, வாசகர்கள் சொல்லும் கருத்துகளைக் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் இணையம் கொண்டுவந்த பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஒஸ்டின் வீட்டிலேயே இது இருந்திருக்கிறது. 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' 1796-97இல் வேறொரு பெயரில் எழுதப்பட்டு, வீட்டாருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவர் தகப்பன் ஒரு பதிப்பாளரிடம் கேட்டுப்பார்த்தார், உடனேயே மறுத்துவிட்டார்கள். புத்தகமாக வந்தது 1813இல்தான். இடையில் பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கதைக்கு வீட்டாரும் சிநேகிதிகளும் மட்டுமே வாசகர்கள்.

என்னை அதிகம் பிடித்து வைத்தது 1814ஆம் ஆண்டுக் கடிதங்கள். ஒஸ்டினின் அண்ணன் மகள் அன்னாவுக்கு அப்போது 21 வயது. நாவல் ஒன்று எழுதத் தொடங்கி, எழுத எழுத மாமிக்கு அனுப்பினாள். மாமி அதைத் தன் தாய்க்கும் அக்கா கசண்ட்ராவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டி, மூவரின் கருத்தையும் எழுதி அனுப்பினார். லைம் என்ற ஊர்ச் செய்தியை டோலிஷ் என்ற ஊரில் பேசிக்கொள்வதாக அன்னா எழுதியிருந்தாள். இரண்டுக்கும் இடையில் நாற்பது மைல் தூரம், அங்கே இதைப் பேசமாட்டார்கள் என்று மாமி ஊரின் பெயரை மாற்றினார். பாத்திரங்கள் அயர்லாந்து போவதென்றால் போகட்டும், உனக்கு அந்த ஊர்ப் பழக்கவழக்கம் தெரியாது, நீ அவர்களோடு போகாதே என்றார். புலம்பெயர்ந்த நாட்டில் இருந்துகொண்டு வன்னியைப் பற்றி நாவல் எழுதும் சிலருக்கு இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும் போல எனக்கு இருக்கும். இங்கே இருந்துகொண்டு ரொறன்ரோவைப் பற்றி எழுதுபவர்களுக்கும்தான்.

இன்னோரிடத்தில், கதையில் ஒருவருக்குக் கை முறிகிறது; மறுநாளே மற்ற ஆண்களோடு எழும்பி நடந்து போகிறார். ஒஸ்டின் அதை வெட்டிவிட்டார். உன் அப்பா கை கட்டின கையோடு எழும்பி நடந்தவர்தான், ஆனாலும் புத்தகத்தில் அது இயல்பாகத் தோன்றாது என்பது அவர் சொன்ன காரணம். உண்மையாக நடந்தது, ஆனால் நம்பும்படி இல்லை. இந்த ஒரு வரிக் கருத்தோடு நான் கன நாள் சண்டை பிடித்திருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கொரோனா முடக்கத்தின்போது, 2021இல், திருகோணமலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம் நான் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். ஒன்பது பேர். பழைய நாவல்களை வைத்து எழுதுபவர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை, காணொளியில் சந்திப்பார்கள். பிரித்தானிய நேரம் இரவு ஏழு மணி என்றால் மாரியில் எங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை. ஒருவருக்குப் பத்து நிமிடம். முடிந்த படைப்பைக் கொண்டு வரக் கூடாது. கேட்பவர்கள் எந்த இடத்தில் மனம் நின்றது, எந்த இடத்தில் கதை கைவிட்டுப் போனது என்று மட்டும் சொல்லலாம். எப்படி முடிக்க வேண்டும் என்று சொல்லக் கூடாது.

நான் எடுத்துக்கொண்டது 'பெர்சுவேஷன்'. குடும்பத்தாரின் பேச்சைக் கேட்டு ஒருத்தி விட்டுவிட்ட கடற்படை அதிகாரி, எட்டு வருடம் கழித்துத் திரும்பி வரும் கதை. என் கதையில் எட்டு வருடம் 2009இலிருந்து தொடங்குகிறது. வருபவன் கடற்படைக்காரன் அல்ல, கடல் கடந்து போய்விட்டவன். மூன்றாவது அத்தியாயத்தில் அவளுடைய சித்திக்குத் தோளில் இருந்து செல் துண்டு எடுத்த மறுநாள். சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். வாசித்து முடித்ததும் ஸ்கொட்லாந்தில் இருந்த ஒரு வயதான அம்மா, மிக மரியாதையாக, அந்த இடத்தில் தான் கதையை விட்டு வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த நாளே எப்படி முடியும் என்று கேட்டார்.

அது என் சித்தி. நான் பார்த்தது. எனக்கு வந்த கோபத்தில் கமராவை நிறுத்திவிட்டேன். இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை.

அன்னாவுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தது அந்த இடைவெளியில்தான். ஒஸ்டின் சொன்னது அமைதியாக இருக்கும் ஊருக்குச் சரி. எங்களுக்கு முழுவதும் சரியில்லை என்பது என் முடிவு. நடக்கக் கூடாதவை எல்லாம் நடந்த ஒரு இடத்தைப் பற்றி எழுதும்போது, நம்ப முடியாதது என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போனால் கடைசியில் எதுவும் மிஞ்சாது. ஆனால் அந்த அம்மா சொன்னதிலும் பிழையில்லை. சித்தி ஏன் போனாள் என்று நான் எழுதவேயில்லை. எனக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பங்கருக்குள் இருந்த மூன்று பிள்ளைகளை, முதல் நாள் தண்ணீருக்குப் போய்த் திரும்பி வராத பக்கத்து வீட்டு ஐயாவை, குடத்தை அவள் மற்றத் தோளுக்கு மாற்றிய விதத்தை, நாலு பந்தி முன்னே போய் எழுதினேன். குடத்தை வெட்டவில்லை. திரும்ப வாசித்தபோது யாரும் 'எப்படி' என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவுமில்லை.

'பெர்சுவேஷன்' கூட அப்படித் திருத்தப்பட்டதுதான். 1816 ஜூலையில் ஒஸ்டின் அதை எழுதி முடித்து, முற்றும் என்றும் போட்டுவிட்டார். பிறகு மனம் ஒப்பாமல் கடைசிப் பகுதியைத் திருத்தி எழுதினார். ஓகஸ்ட் 6ஆம் திகதி வேலை முடிந்தது. வென்ற்வேர்த் எழுதும் கடிதம், அந்த நாவலில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் இடம், இந்தத் திருத்தத்தில் வந்தது. விலக்கப்பட்ட பழைய தாள்கள் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவரது வெளியான ஆறு நாவல்களில் கையெழுத்துப் பிரதி மிஞ்சியிருப்பது அந்தப் பக்கங்களுக்கு மட்டும்தான்.

பாதியில் நின்ற கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கூடுமிடங்களில் அவை ஏராளம். எழுதியவருக்கு வேலை மாறும், பிள்ளை பிறக்கும், நோய் வரும். கதை பதினேழாவது அத்தியாயத்தில் நிற்கும். வாசகர்கள் வருடக்கணக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒஸ்டினும் இரண்டு நாவல்களை அப்படி விட்டார். தகப்பன் இறந்த 1805ஆம் ஆண்டளவில் கைவிட்ட 'த வொட்சன்ஸ்' ஒன்று. 1817 ஜனவரியில் தொடங்கி, மார்ச் மாதம் நோயால் எழுத முடியாமல் நிறுத்திய 'சாண்டிட்டன்' மற்றது. அவ்வருடம் ஜூலை 18ஆம் திகதி இறந்தார், வயது 41. முதலாவது கதையைக் கசண்ட்ராவிடம் இருந்து அறிந்திருந்த இன்னொரு பெறாமகள், கத்தரின் ஹபக், 1850இல் அதை வளர்த்து நாவலாக வெளியிட்டார். இரண்டாவதைத் தொடர முயன்றவர் அதே அன்னா. அவரும் முடிக்கவில்லை. 2011இல் 'த வொட்சன்ஸ்' கையெழுத்துப் பிரதியை ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகம் 993,250 பவுண்ஸ் கொடுத்து வாங்கியது. முடியாத ஒரு கதைக்கு!

அன்னா தன் சொந்த நாவலை, மாமி இறந்து வருடங்கள் கழித்து, அடுப்பில் போட்டு எரித்தார். கணப்பருகில் இருந்து அது எரிவதைப் பார்த்ததை அவருடைய மகள் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இருந்தும் அந்த நாவலில் என்னென்ன இருந்தது என்று இன்றைக்கு நமக்கு ஓரளவு தெரியும். வாசிக்கக் கொடுத்ததால் தெரியும். என் 80 பக்கக் கொப்பியில் என்ன இருந்தது என்று யாரைக் கேட்பேன்? கதாநாயகியின் பெயர்கூட எனக்கு இப்போது நிச்சயமில்லை.

இப்படியான குழுக்களில் சேர நினைப்பவர்களுக்கு இரண்டொரு விடயம். போரில் நடந்ததை எழுதும்போது உண்மைப் பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டும் ஊர் விவரங்களையும் முதல் வரைவிலேயே மாற்றிவிடுங்கள். முகம் தெரியாதவர்கள் கேட்கிறார்கள், காணொளி பதிவாகலாம். புத்தகமாக்கும் எண்ணம் இருந்தால் இணையத்தில் எல்லா அத்தியாயங்களையும் போட வேண்டாம். அங்கே புகழ்பெற்ற பல கதைகள் அச்சுக்குப் போனதும் எழுதியவர்களாலேயே நீக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றுமில்லை. நான் தமிழில் எழுதி, வாசிக்கும் பகுதியை மட்டும் ஆங்கிலமாக்கிக் கொண்டு போகிறேன். ஒஸ்டின் இல்லாவிட்டால் சிலம்பு இருக்கிறது, மணிமேகலை இருக்கிறது.

என் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் ஆங்கிலேயர் காலத்துப் பழைய மயானம் ஒன்று உண்டு. ஒஸ்டினின் கடைசித் தம்பி சார்ள்ஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இளம் மாலுமியாக இருந்தபோது, போரில் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகக் கல் சிலுவை வாங்கிக் கொடுத்தவர். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் தம்பியல்ல, அண்ணன், புஷ்பராகமல்ல, அம்பர், மற்றபடி அதே சிலுவை வருகிறது. பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கடற்படைத் தளபதியாகி, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி, பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் கொலரா கண்டு இறந்தார். போர் முடிந்த பிறகும் பல வருடம் நான் அந்த மதிலைக் கடந்து போயிருக்கிறேன்; உள்ளே யார் கிடக்கிறார் என்று தெரியாது.

குழுவில் இதைச் சொன்னபோது ஸ்கொட்லாந்து அம்மா படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அந்தக் கல்லறை கதைக்குள் வருமா என்று கேட்டார். இன்னும் முடிவெடுக்கவில்லை. வரும் சனிக்கிழமை என் முறை. பதினோராம் அத்தியாயம். அவன் திருகோணமலை பஸ் நிலையத்தில் வந்து இறங்கிவிட்டான், அவள் இன்னும் காணவில்லை.