நிமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்

நிமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ் என்பது முதன்மையான ஆங்கில அகரமுதலிகளில் இடம்பெற்றுள்ள மிக நீளமான சொல் ஆகும். ஆங்கிலத்தில் இது 45 எழுத்துகளைக் கொண்டது. மிக நுண்ணிய சிலிக்கா தூசியை உள்ளிழுப்பதால் உண்டாகும் நுரையீரல் நோயை இது குறிக்கிறது. மருத்துவத்தில் இந்நோய்க்கு வழங்கும் பெயர் 9 எழுத்துகளே கொண்ட சிலிக்கோசிஸ் என்பதாகும்.

சொற்பொருள்

கிரேக்க, இலத்தீன் வேர்களை அடுத்தடுத்துக் கோத்து இச்சொல் ஆக்கப்பட்டுள்ளது. நிமோனோ என்பது நுரையீரல். அல்ட்ரா என்பது அப்பாற்பட்ட. மைக்ரோஸ்கோபிக் என்பது நுண்நோக்கியால் மட்டும் காணத்தக்க. சிலிக்கோ என்பது சிலிக்கா. வால்கேனோ என்பது எரிமலை. கோனி என்பது தூசி. ஓசிஸ் என்பது நோய்நிலை. இவற்றுள் எரிமலை நீளத்திற்காகச் சேர்க்கப்பட்டது என்றே கொள்ளலாம். சிலிக்கோசிஸ் நோயாளிகளுள் பெரும்பாலோர் எரிமலையைக் கண்டவர் அல்லர்.

தோற்றம்

இச்சொல்லை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவில் 1883இல் தொடங்கப்பட்ட நேஷனல் பசிலர்ஸ் லீக் என்னும் புதிர் விளையாட்டாளர் கழகத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், 1935இல் நியூயார்க்கில் நடந்த அதன் கூட்டத்தில் இதனை அறிமுகப்படுத்தினார். செய்தித்தாளில் வெளிவந்த இச்சொல் பின்னர் அகரமுதலிகளிலும் ஏறியது.

இந்தியாவில் அரசியலர் சசி தரூர் 2018இல் தம் நூலை அறிவிக்கையில் கையாண்டதால் பரவலாக அறியப்பட்ட ஃபிளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன் 29 எழுத்துகளைக் கொண்டது. ஒன்றை மதிப்பற்றதெனக் கருதுதல் என்பது அதன் பொருள்.

சொல் விளையாட்டில்

ஸ்கிராபிள் பலகையின் ஒரு வரிசையில் 15 கட்டங்களே உள்ளன. எனவே மேற்கண்ட இரு சொற்களையும் அதில் அமைக்க இயலாது. ஒருவரிடம் ஒரு நேரத்தில் 7 எழுத்துகளே இருக்கும் என்பதால் சிலிக்கோசிஸ் அமைக்கவும் பலகையில் முன்பே இரண்டு எழுத்துகள் வாய்த்திருக்க வேண்டும். பருத்தித் தூசி நோயைக் குறிக்கும் பிசினோசிஸ் 10 எழுத்துகளைக் கொண்டது. விளையாட்டில் உள்ள நான்கு 'எஸ்' எழுத்துகளும் அதற்கே தேவைப்படும்.

நோய்கள்

சிலிக்கோசிஸ் கல் குவாரி, கல் உடைக்கும் ஆலை, சிற்பக் கூடம், வார்ப்பாலை ஆகியவற்றில் பணிபுரிவோரைத் தாக்குகிறது. நுரையீரலில் ஏற்பட்ட தழும்பு மாறுவதில்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். காசநோய் பற்றும் வாய்ப்பும் இவர்களுக்கு மிகுதி. இந்தியாவில் இது பலமுறை காசநோய் என்றே தவறாகக் கணிக்கப்படுகிறது. அவ்வாறு பதிவானால் தொழில்சார் நோய்க்குரிய இழப்பீட்டைத் தொழிலாளர் கோருவது கடினமாகிறது.

பிசினோசிஸ் இடர் நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துத் தூய்மையாக்கும் புளோரூம், கார்டிங் பிரிவுகளில் மிகுதி. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் உள்ளவை போன்ற விசைத்தறிக் கூடங்களுக்கு நூலாகவே வருவதால் அங்கு இடர் குறைவு. ஆயினும் முற்றிலும் இல்லை எனக் கூற இயலாது. விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுதல் இதன் தொடக்க அறிகுறியாகும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இவ்விரு நோய்களையும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பாறையைத் துளையிடும்போது நீர் பாய்ச்சுவது சிலிக்கா தூசியைப் பெருமளவு குறைக்கிறது.