மாட்டுங்கா விடுதியும் தாலிடோமைடும்

பம்பாயில் மாட்டுங்காவை ஒட்டிய வடாலாப் பகுதியில், நகரசபைக் கமிஷனராயிருந்த ஆக்வொர்த் என்பாரின் முயற்சியால், வீதியில் திரிந்த குஷ்டரோகிகளுக்கென 1890-இல் எழுந்த விடுதி, இன்றும் அவர் பெயராலேயே ஆஸ்பத்திரியாக நடந்துவருகிறது. நோய்க்கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்திருந்தும், 1940-களில் ஸல்போன் மருந்துகள் வரும்வரை அங்கிருந்தோர்க்குச் சால்முக்ரா எண்ணெயைத் தவிர வேறு கதியில்லை.

மருந்து வந்த பின்னும் உபாதை தீரவில்லை. ஒழுங்காக மாத்திரை உண்டுவரும் நோயாளிக்கே திடீரென ஜுரம் காணும், முகத்திலும் கைகால்களிலும் தொடவொட்டாத செந்நிறக் கட்டிகள் கிளம்பும், கண் சிவக்கும், நரம்பு வீங்கி, இராத்திரி முழுவதும் உறக்கமின்றிப் புரளச் செய்யும். மடிந்த கிருமிகளின் மிச்சங்களை எதிர்த்துச் சரீரமே மூட்டும் இந்தக் கலகத்தை வைத்தியர்கள் 'ரியாக்‌ஷன்' என்பார்கள்.

இதற்கு மருந்து வந்த வழி விசித்திரமானது. ஜெர்மனியில் காக்காய்வலிப்புக்கென்று சோதிக்கப்பட்டு, அதற்கு உதவாமற்போய், 1957-இல் தூக்க மாத்திரையாகக் கடைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகள் உட்கொண்டதால் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கஹீனமாய்ப் பிறக்கக் காரணமாகி, 1961 இறுதியில் விலக்கப்பட்டது. 1964-இல் ஜெருசலேமில் டாக்டர் ஷெஸ்கின், ரியாக்‌ஷனால் உறக்கமிழந்து தவித்த ஒருவருக்கு அதைக் கொடுக்க, உறக்கத்தோடு கட்டிகளும் அடங்கின. ஒரு நோயாளியின் அனுபவம் சாஸ்திரமாகிவிடாது அல்லவா? உலக சுகாதார ஸ்தாபனம் பல தேசங்களில் நடத்திய பரிசோதனையில் நம்மவரான சி. ஜி. எஸ். ஐயரும் கே. ராமானுஜமும் பங்குகொண்டு, ஆஸ்பிரினோடு ஒப்பிட்டு அதன் வலிமையை 1971-இல் வெளியிட்டனர். சோதிக்கப்பட்டோர் அனைவரும் ஆண்கள். மருந்து கிருமியைக் கொல்வதன்று, சரீரம் சுரக்கும் ஓர் அழற்சிப் பொருளைக் குறைப்பது என்பது 1991-இல் தெளிவாயிற்று.

ஆனால், 1976-இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் சிகிச்சையைத் தாராவிச் சந்துகளுக்குள் கொண்டு சென்றபோது, ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழும் அவ்விடத்தில், கர்ப்பிணியின் கைக்கெட்டக்கூடிய மாத்திரையை விட்டுவருவது எளிதான காரியமன்று. 1982-இல் உலகெங்கும் ஏற்கப்பட்ட கூட்டு மருந்துகளில் ஒன்றான குளோஃபாசிமின் ரியாக்‌ஷனையும் ஓரளவு அடக்கியது பெரும் உபகாரமே. எனினும் அது மேனியைக் கறுக்கச் செய்ததால், நோயை ஊரறிய விரும்பாதவர் பலர் அதை உண்ணத் தயங்கினர்.