ஈரங்கொல்லியும் ஏழு கிலோ மெஷினும்

வாஷிங் மெஷின் மேல ‘7 கிலோ’ன்னு எழுதியிருக்குமே, அது எதோட எடை? ஒரு தடவை துவைக்க எத்தனை லிட்டர் தண்ணி போகுது? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தேடி, இன்னைக்கு நான் உங்களை 1371-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் சுத்துவழிதான். ஆனா வாங்க.

1323-ல டெல்லி சுல்தானகத்தின் படை உலுக் கான் தலைமையில தெற்கே வந்தது. இவர்தான் பின்னாளில் முகமது பின் துக்ளக். அப்போ ஸ்ரீரங்கத்து உற்சவ மூர்த்தியை ஊரை விட்டு வெளியே கொண்டுபோய்ப் பாதுகாத்தாங்க. ஊர் ஊரா அலைஞ்சு, திருப்பதியில பல காலம் இருந்து, விஜயநகரத்து அதிகாரி கோபணார்யரால செஞ்சி வழியா 1371-ல மூர்த்தி திரும்பி வந்தார். சக ஆண்டு 1293-ன்னு அதைச் சொல்ற கல்வெட்டு கோயிலிலேயே இருக்கு.

ஆனா இடைப்பட்ட காலத்துல கோயிலில் வேறொரு மூர்த்தியை வைத்துப் பூஜை நடந்துக்கிட்டிருந்தது. எது பழைய மூர்த்தி? கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓடிப்போச்சு. பழசைப் பார்த்தவங்க யாரும் மிச்சமில்லை. அப்போ கண் தெரியாத ஒரு முதியவர் முன்வந்தார்னு கோயிலொழுகு சொல்லுது. அவர் ஒரு ஈரங்கொல்லி, அதாவது கோயில் துணி வெளுப்பவர். பெருமாளின் ஈர ஆடையில இருந்து பிழிஞ்ச தீர்த்தம் தனக்குப் பழக்கம், அதை வச்சு சொல்லிடுவேன்னார். ரெண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செஞ்சு, ஈர ஆடைத் தீர்த்தத்தைக் கொடுத்தாங்க. குடிச்சுப் பார்த்து, திரும்பி வந்தவரைக் காட்டி ‘நம்பெருமாள்’னு சொன்னார். இன்னைக்கும் ஸ்ரீரங்கத்துல அந்தப் பேர்தான். அந்தப் பேரை வச்சவரை மட்டும் கதை தொழில் பேராலதான் கூப்பிடுது.

இது கோயில் மரபு சொல்ற கதை. எனக்கு இதுல பிடிச்சது அந்தத் தொழில் பேருதான். ஈரம் + கொல்லி. ஈரத்தைக் கொல்பவர்! வெளுப்பதை விட்டுட்டு, ஈரத்தை எடுப்பதை வச்சு ஒரு தொழிலுக்குப் பேர் வச்சிருக்காங்க. துணியில தங்குற தண்ணிதான் விஷயம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இதைக் கணக்காப் போட்டுப் பார்ப்போம். சோப்புத் தண்ணியில நனைஞ்ச 1 கிலோ துணி. கையால பிழிஞ்ச பிறகும் அதுல 1 லிட்டர் சோப்புத் தண்ணி நிக்குதுன்னு வச்சுக்குவோம். அதை 10 லிட்டர் நல்ல தண்ணியில ஒரே தடவை அலசிப் பிழிஞ்சா, சோப்புல 11-ல 1 பங்கு மிஞ்சும். அதே 10 லிட்டரை அஞ்சு அஞ்சாப் பிரிச்சு ரெண்டு தடவை அலசினா? 6-ல 1, அதுல மறுபடி 6-ல 1. அதாவது 36-ல 1 பங்குதான் மிஞ்சும். இப்போ இன்னும் நல்லாப் பிழிஞ்சு, துணியில அரை லிட்டர்தான் நிக்குதுன்னா? 121-ல 1! தண்ணி ஒரு சொட்டுகூடக் கூடலை. ஈரத்தைக் கொன்னதுதான் வித்தியாசம். நிஜத் துணியில இந்த எண்கள் அப்படியே வராது. ஆனா போக்கு இதுதான்.

மெஷின்ல ‘ஸ்பின்’ செய்யுறது இந்த வேலையைத்தான். 7 கிலோங்கிறது காய்ஞ்ச துணியோட எடை. மோட்டார் சுத்த வேண்டியதோ ஈரத்துணியை, அது இதைவிட எவ்வளவோ கனம். டிரம்மைத் திணிச்சு அடைச்சா துணி புரளாது. புரளலைன்னா சோப்பும் தண்ணியும் கலக்காது. மேல போட்ட கணக்கு மொத்தமும் அங்கேயே படுத்துடும்.

கொள்ளளவை வச்சு அளக்குறதும் பழைய பழக்கம்தான். சோழர் செப்பேடுகளில் வரிப் பட்டியலைப் பார்த்தா ‘வண்ணாரப்பாறை’ன்னு ஒரு வரி வரும். துவைக்குற கல்லுக்கு வரி. அந்த வரிக்குக் கல்லுதான் கணக்கு. காவிரியும் கொள்ளிடமும் ரெண்டு பக்கமும் ஓடுற ஊருல தண்ணியை யார் எண்ணுவாங்க?

இப்போ நாம எண்ணித்தான் ஆகணும். அதே காவிரித் தண்ணி கம்பரசம்பேட்டையில இருந்து பம்ப் ஆகி, தொட்டி ஏறி, குழாய் வழியா நம்ம மெஷினுக்கு வருது. அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. பெட்டி எடை பார்க்குற கொக்கித் தராசுல காய்ஞ்ச அழுக்குத் துணியை மூட்டையாக் கட்டி நிறுத்துப் பாருங்க. மெஷினோட வெளியேற்றுக் குழாயை வாளியில விட்டு, எத்தனை வாளி நிறையுதுன்னு எண்ணுங்க. வாளி வேகமா நிறையும், பக்கத்துல ரெண்டாவது வாளி இருக்கட்டும். லிட்டரைக் கிலோவால வகுங்க.

உதாரணமா, துவைக்க ஒரு தடவை, அலச ரெண்டு தடவை, ஒவ்வொண்ணுக்கும் 40 லிட்டர். மொத்தம் 120. உள்ளே 3 கிலோதான் இருந்தா, கிலோவுக்கு 40 லிட்டர். 6 கிலோ இருந்தா 20. துணியோட எடைக்கு ஏத்தபடி தண்ணி அளவைத் தானே குறைச்சுக்கிற மெஷின்ல இவ்வளவு வித்தியாசம் இருக்காது. நம்ம மெஷின் எப்படின்னு வாளிதான் சொல்லும்.

அந்த வாளித் தண்ணியைக் கீழே கொட்டிடாதீங்க. கடைசி அலசல் தண்ணி அடுத்த ஈடு துணியை ஊற வைக்க ஆகும், வாசல் கழுவவும் ஆகும். உங்க வீட்டுல கிலோவுக்கு எத்தனை லிட்டர் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.