கல்லில் படர்ந்த கொடி

தலைநகருக்கு வரும் உற்றார் உறவினரைக் குதுப் மினாருக்கு அழைத்துச் செல்லாத அன்பர் நம் சங்கத்தில் ஒருவரும் இரார். வந்தவர்கள் மினாரை அண்ணாந்து நோக்குவர். இரும்புத் தூணைச் சுற்றி வருவர். 1997-இல் வேலி அமைக்கப்படும் வரை அத்தூணை முதுகுப்புறமாகக் கட்டிப் பிடித்து அதிர்ஷ்டம் பார்த்ததும் உண்டு. பிறகு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க நிழல் தேடுவர். தூணுக்கு மேற்கே வளைவுகளுடன் உயர்ந்து நிற்கும் கற்சுவரை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. அச்சுவரில் படர்ந்துள்ள கொடியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கொடிக்கருக்கு என்று நம் நாட்டுச் சிற்பிகளும் தட்டாரும் வழங்கும் வேலைப்பாட்டின் இலக்கணம் எளிது. ஒரு தண்டு பாம்பு ஊர்வது போல் மேலும் கீழுமாக வளைந்து செல்லும். ஒவ்வொரு வளைவின் குழிவிலும் இலையோ மலரோ கிளைத்துச் சுருளும். இவ்விதம் எத்துணை நீளமான இடத்தையும் அலுப்பின்றி நிரப்பலாம். எகிப்தியரின் தாமரை கிரேக்கர் கையில் சுருள்கொடியாகிப் பின்னர் அரபு நாட்டு அலங்காரமாக வளர்ந்த வரலாற்றை அலாய்ஸ் ரீகல் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1893-இல் நூலாகவே எழுதினார். நம் நாட்டில் அது படர்ந்த வழியும் அதற்குக் குறைந்ததன்று.

மத்தியப் பிரதேசத்துச் சத்னா ரயில் நிலையத்திலிருந்து சில மைல் தொலைவில் பார்ஹுத் என்னும் சிற்றூர் உளது. 1873-இல் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் அங்கே ஒரு பௌத்த ஸ்தூபியின் சிதைவுகளைக் கண்டார். ஊரார் வீடு கட்ட எடுத்துச் சென்றது போக எஞ்சிய கற்களில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்தை அடைந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வேலியின் உச்சிக் கற்களில், மண்டியிட்ட யானையின் வாயிலிருந்து ஒரு தாமரைக்கொடி புறப்பட்டு வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒரு வளைவில் பலாப்பழம், இன்னொன்றில் கழுத்தாரம், வேறொன்றில் காதணி, மற்றொன்றில் புத்தரின் முற்பிறப்புக் கதை. ஆபரணம் காய்க்கும் இக்கொடியை அறிஞர் கற்பகவல்லி என்பர். மயிலை அம்பிகையின் திருநாமமும் அதுவே அன்றோ! அந்த ஸ்தூபியின் தோரண வாயிற் கற்கள் சிலவற்றில் வடமேற்குப் பகுதியில் வழங்கிய கரோஷ்டி எழுத்துகள் அடையாளக் குறிகளாக வெட்டப்பட்டுள்ளன. பல தேசத்துக் கைகள் அன்றே இப்பணியில் கலந்துவிட்டன.

பின்னர் குப்தர் காலத்தில் சாரநாத்தின் தாமேக் ஸ்தூபியைச் சுற்றி அன்னங்களோடு படர்ந்தது கொடி. கோயில்களின் நிலைக்கால்களில் ஏறிற்று. விஜயநகரக் காலத்துக் கோபுர வாயில்களில் கொடியைப் பற்றி நிற்கும் பெண்ணை நம்மவர் அனைவரும் கண்டிருப்பர்.

இனி டில்லிச் சுவருக்கு வருவோம். குத்புதீன் ஐபக் எழுப்பிய குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முகப்புத் திரை இது. 1199-ஐ ஒட்டி எழுந்தது. இருபத்தேழு கோயில்களின் பொருள்களைக் கொண்டு பள்ளிவாசல் கட்டப்பட்டதாக அதன் கீழை வாயிற் கல்வெட்டே கூறுகிறது. அதனை மறைப்பதற்கில்லை. முற்றத்தைச் சூழ்ந்த தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கியபடியே இன்றும் இருக்கின்றன. ஆனால் திரையின் முகப்பு வேலைப்பாடு அக்கோயில்களிலிருந்து வந்ததன்று. அங்கேயே புதிதாகச் செதுக்கியது. திருக்குரான் வாசகங்கள் மேலேறும் பட்டைகளுக்கு அருகருகே நம் பழைய கொடி நெளிந்து ஏறுகிறது. தளிர் மடிந்து சுருள்கிறது. எழுத்துகளின் பின்னேயும் அது நுழைந்து செல்கிறது. அரபு எழுத்தைப் பழகாத கை, அதனையும் ஒரு கொடியாகவே கண்டு செதுக்கியிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

வளைவுகளைக் கூர்ந்து நோக்கினால் மற்றொரு சான்றும் கிட்டும். மேல்நாட்டு முறையில் ஆப்பு வடிவக் கற்களை வட்டமாக அடுக்கி வளைவு கட்டுவர். இங்கோ கற்கள் படுக்கையாக, ஒன்றன்மேல் ஒன்று சிறிது முன்னே நீட்டி வைக்கப்பட்டுள்ளன. கோயில் கட்டியவர்கள் அறிந்த முறை அது. கோயிற்பணியில் தேர்ந்த கைகளே இத்திரையை எழுப்பின என்பதில் நமக்கு ஐயமில்லை. இக்காலத்தில் இவ்விடத்தைப் பற்றி வாதிடுவோர் இடித்தவரையும் இடிபட்டதையும் பேசுகின்றனர். உளி பிடித்தவரைப் பற்றி வாய் திறப்பாரில்லை. அது நமக்கு வருத்தமே.

பின்னர் ஆண்ட இல்துத்மிஷ் (1211–1236) திரையை இருபுறமும் நீட்டினார். அப்பகுதிகளில் கொடி தட்டையாகி, அளவுகோல் வைத்து வரைந்த கோலம் போல் ஆகிவிடுகிறது. நேர்த்தியில் குறைவில்லை, ஆயினும் நம் மனம் ஐபக் காலத்துக் கொடியையே நாடுகிறது. 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாஸாவில் முறையான வளைவு வந்துவிட்டது. எனினும் அதன் உள்விளிம்பைச் சுற்றிலும் தாமரை மொட்டுகள் வரிசையாக உள்ளன. 1369-இல் பிரோஸ் ஷா துக்ளக் மினாரைப் பழுது பார்த்தபோது, வேலை செய்தவர்கள் அதனை விசுவகர்மாவின் அருளால் முடித்ததாக நாகரி எழுத்தில் அதே மினாரின் கல்லில் பொறித்துச் சென்றனர்.