நோவறியாப் பாதம்

ஆடி அமாவாசை கழிந்தபின் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறும். அதன்பின் 25 நாள்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் அக்கோயில் வீதியை நோக்கி நடக்கும். அடியார் எவரும் அங்கே பாதணியோடு செல்வதில்லை. வெளிவீதியிற் பரப்பிய மணல் நண்பகலிற் கொதிக்கும்போது, அவர்கள் பாதம் பதைக்க விரைந்து நிழலை நாடுவர். அந்தப் பதைப்பே பாதத்துக்குக் காவல். அவர்களுள் ஒருவர் மட்டும் சூடு சிறிதும் தோன்றாமல் அமைதியாக நடப்பாராயின், அதனை அவர் இறையருள் என்றே எண்ணவும் கூடும். இரண்டு நாள் கழித்து, உள்ளங்காலிற் கொப்புளம் உடைந்து நீர் கசிவதைப் பிறர் கண்டு சொன்ன பின்னரே அவர் உண்மையை அறிவார். அவர் பல ஆண்டுகளாகச் சலரோகம் உடையவர். நோவு அவருடைய பாதத்தை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று.

சலரோகம் என்றும் நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் வழங்கும் இந்நோய் நம் நாட்டு மருத்துவத்துக்குப் புதிதன்று. நோயாளரின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டை மருத்துவர் கண்டிருந்தனர். மேகநோயில் உடலெங்கும் தோன்றும் கட்டிகளைச் சுசுருத சங்கிதை தனியே வகுத்துக் கூறுகின்றது. நல்லூரிலிருந்து அரசாண்ட மன்னர்களின் பெயரால் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் எழுந்த மண் யாழ்ப்பாணம். ஆயினும், சலரோகக்காரரின் காற்புண் ஏன் ஆறுவதில்லை என்ற வினாவுக்கு விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது.

1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் தம் வைத்தியப் பணியை நிலைநாட்டினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. அவர் மேற்பார்வையில் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர வைத்திய நூல் தமிழில் வெளிவந்தது. புண் சீழ்கொள்ளாமற் காக்கும் முறையை லிஸ்டர் பிரித்தானியாவில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சலரோகத்துக்கும் கால் அழுகலுக்கும் தொடர்பு உண்டென்பதை மார்சல் டி கல்வி என்ற பிரெஞ்சு வைத்தியர் 1852இலேயே எடுத்துக் காட்டியிருந்தார். எனினும், அக்காலத்தில் அழுகிய காலுக்கு உலகெங்கும் பெரும்பாலும் கைகொடுத்தது வாளும் கத்தியுமே.

1922ஆம் ஆண்டு சனவரியில், கனடாவின் ரொறன்ரோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதுவரை இளமையிலேயே மாண்டவர்கள் இனி முதுமை காணும் நிலை பிறந்தது. ஆனால், ஆயுள் நீண்டபோது நோயும் உடன் நீண்டது. உணர்வு மயக்கத்தால் நேர்ந்த மரணங்கள் குறைய, கால் அழுகலால் நேர்ந்தவை பெருகியதைப் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் எலியட் யோஸ்லின் 1934இல் எழுதினார். இது தலைவிதியன்று, தூய்மையாலும் விழிப்பாலும் தடுக்கக்கூடியதே என்பது அவருடைய கொள்கை.

புண் ஆறாமைக்குக் காரணத்தைத் தெளிவாகக் காட்டியது சலரோகமன்று, தொழுநோய். தொழுநோயாளரின் உள்ளங்காலிலும் அதே வகைக் குழிப்புண்கள் உண்டாயின. நோயே சதையைத் தின்கிறது என்று உலகம் நம்பியிருந்தது. இலங்கையின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை வல்லுநரான மில்றோய் போல், 1930களில் அத்தகைய காலுக்குப் பாரிசுச் சாந்தினாற் கட்டிட்டு நோயாளரை நடமாட விட்டார். சாந்துக் கட்டு உடற்பாரத்தை ஓரிடத்திற் குவியவிடாமல் பாதமெங்கும் காலெங்கும் பரப்பியது. பாரம் நீங்கிய புண் ஆறியது.

கடலுக்கு அப்பால் வேலூரில் இவ்வறிவை வளர்த்தவர் போல் பிராண்ட். அவர் 1914இல் கொல்லிமலையிற் பிறந்து, இங்கிலாந்திற் கற்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சத்திரசிகிச்சை வைத்தியர். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மாற் திறக்க முடியாதபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வலிந்து திருகித் திறந்ததை அவர் கண்டார். சிறுவனின் விரல் எலும்பு தெரியுமளவு வெட்டுண்டிருந்தது. அவனோ அதனை அறியவில்லை. வேறு சிலருடைய விரல்களை இரவில் எலிகள் கடித்தன, உறங்கியவர் விழிக்கவில்லை. தொழுநோய் சதையைத் தின்னவில்லை. நோவைப் பறித்துக்கொண்டது, எஞ்சியதை அன்றாட வாழ்வு அழித்தது என்று அவர் துணிந்தார். மருந்தோடு தக்க பாதணியும் அங்கே சிகிச்சையாயிற்று. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்ரப்பர்ச் செருப்பு அவ்வாறு பிறந்ததே.

1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றார். அங்கே, தொழுநோய் இல்லாத சலரோகக்காரரின் பாதங்களிலும் அதே புண் இருப்பதையும், அதே சாந்துக் கட்டால் அது ஆறுவதையும் அவரும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். இலங்கையிலும் தமிழகத்திலும் ஏழைத் தொழுநோயாளரிடம் கற்ற பாடம் உலகத்துச் சலரோகக்காரருக்கு உதவியாயிற்று. சென்னையில் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையிற் சலரோகத்துக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய வைத்தியர் மு. விசுவநாதன், 1954இல் இராயபுரத்தில் அதற்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார். தொழுநோயாளருக்காக உருவான மென்ரப்பர்ச் செருப்பு சலரோகக்காரரின் பாதத்தையும் காக்கும் என்பது பின்னர் அங்கே ஆராய்ந்து காட்டப்பட்டது.

பாதத்தில் நிகழ்வது என்ன? நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது. முதலில் உணர்வு மங்கும். வியர்வை வற்றித் தோல் வெடிக்கும். சிறு தசைகள் தளர்ந்து விரல்கள் வளையும். அதனால் முன்பாதத்திற் பாரம் குவியும். அங்கே தோல் தடித்துக் காய்க்கும். காய்ப்பின் அடியிற் குருதி கட்டிப் புண்ணாகும். குருதிக் குழாய்களும் ஒடுங்கினால் புண் ஆற வழியில்லை. புகையிலைக்குப் பேர்போன குடாநாட்டிற் சுருட்டும் இந்த ஒடுக்கத்துக்குத் துணைநிற்கிறது.

1987இல் யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. வெறுங்காலோடு வயலில் நடக்கவும் சப்பணமிட்டு உட்காரவும் ஏற்றவாறு இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1960களின் இறுதியில் உருவான கால் அது. போர் பறித்த கால்களுக்கு மாற்றுத் தேடிய அந்நிலையத்துக்கு, சலரோகத்தாற் கால் இழந்தவரும் வருகின்றனர். மிதிவெடியை மிதித்தவருக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. சலரோகக்காரருக்கோ பல நாள் எச்சரிக்கை உண்டு. அதைக் கேட்கும் செவிதான் பாதத்தில் இல்லை.

ஆகவே, நோவு செய்த வேலையை இனிக் கண்ணும் கையும் செய்தல் வேண்டும். இரவு படுக்குமுன் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்து, விளக்கொளியிற் பார்த்தல் முதற்கடமை. உள்ளங்காலைக் காணக் கண்ணாடி உதவும். கண் மங்கிய முதியவருக்குப் பேரப்பிள்ளை உதவலாம். தோல் வறளாமல் எண்ணெய் பூசலாம், விரலிடுக்கிற் பூசலாகாது. செருப்பை அணியுமுன் உள்ளே கையிட்டுக் கல்லோ முள்ளோ உண்டா எனத் தடவுதல் வேண்டும். சுடுநீரின் பதத்தைக் காலால் அறியாமல் முழங்கையால் அறிதல் நன்று. காலாணியைச் சவர அலகினாற் சீவுதல் ஆகாது. முற்றத்திலும் தோட்டத்திலும் வெறுங்கால் ஆகாது. கோயிலுக்கு மணல் சுடாத காலைப்பொழுதிற் சென்று, திரும்பியதும் பாதத்தைப் பார்த்தல் நலம். 10 கிராம் பாரத்தில் வளையும் நைலோன் இழையால் உணர்வு குறைந்ததை வைத்தியர் நொடிப்பொழுதில் அறிவார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அச்சோதனை வேண்டும். புண் கண்டால், அது நோகாவிட்டாலும், அன்றே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். நோகாத புண்ணே அஞ்சத்தக்க புண்.

குடாநாட்டு வீடுகளில், வெளியே சென்று வந்தவர் கால் கழுவியே உள்ளே புகுவது தொன்றுதொட்ட வழக்கம். முன்னோர் வாயிலில் வைத்த அந்தச் செம்பு நீரோடு ஒரு நொடிப் பார்வையையும் சேர்த்துக்கொண்டால், பல கால்கள் வாளுக்குத் தப்பும்.