கனடாவின் புள்ளி முறைக் குடியேற்றம்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்போரின் கல்வி, வயது, மொழியறிவு, பணி அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்கித் தெரிவுசெய்யும் முறை. 1967 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்வகையில் உலகின் முதல் முறை இதுவே. பின்னர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளும் இதனைத் தழுவின. பிறந்த நாட்டைப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்த வழக்கத்துக்கு முடிவுகட்ட வந்த இம்முறையில், எது திறன் என்னும் வரையறை பலமுறை மாறியுள்ளது.

பின்னணி

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கனடாவின் குடியேற்றச் சட்டங்கள் ஐரோப்பியருக்கே இடமளித்தன. தாய்நாட்டிலிருந்து இடைநில்லாமல் பயணம் செய்து வருவோரையே அனுமதிக்கும் 1908ஆம் ஆண்டு விதி, முதன்மையாக இந்தியரைத் தடுக்க இயற்றப்பட்டது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் வந்த 376 பேரில் பெரும்பாலோர் இவ்விதியால் திருப்பி அனுப்பப்பட்டனர். 1923ஆம் ஆண்டுச் சட்டம் சீனர் வருகையை ஏறத்தாழ முற்றாக நிறுத்தியது. அது 1947இல் நீக்கப்பட்டது. 1951 உடன்பாட்டின்படி இந்தியாவுக்கு ஆண்டுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50 இடங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன.

1962இல் குடியேற்ற அமைச்சர் எலன் ஃபேர்க்ளோ கொண்டுவந்த விதிகள் இனப் பாகுபாட்டைப் பெருமளவு நீக்கின. ஆயினும் ஒருவரின் திறனை எவ்வாறு அளப்பது என்பது தனித்தனி அதிகாரிகளின் தீர்ப்புக்கே விடப்பட்டிருந்தது.

1967 விதிகள்

இக்குறையைப் போக்க, அமைச்சர் ஜான் மர்ஷானும் துணை அமைச்சர் டாம் கென்ட்டும் பொறுப்பிலிருந்த காலத்தில் புள்ளி முறை வகுக்கப்பட்டது. மொத்தம் 100 புள்ளிகள். 50 பெற்றால் தேர்ச்சி. கல்விக்கும் பயிற்சிக்கும் 20, தொழிலுக்கு இருந்த தேவைக்கு 15, வயது, தொழில்திறன், முன்கூட்டியே உறுதியான வேலை, ஆங்கில–பிரெஞ்சு அறிவு ஆகியவற்றுக்குத் தலா 10, கனடாவில் உறவினர் இருப்பதற்கும் செல்லும் பகுதியின் வேலைவாய்ப்புக்கும் தலா 5 என வகுக்கப்பட்டது. எஞ்சிய 15 புள்ளிகள் அதிகாரியின் நேர்முக மதிப்பீட்டுக்கு உரியவை. இவ்வாறு அவரது சொந்த அபிப்பிராயத்துக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

மாற்றங்கள்

1976ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் குடும்பத்தினர், அகதிகள், சுயேச்சை விண்ணப்பதாரர் எனப் பிரிவுகளை வகுத்தது. புள்ளிகள் முழுமையாகப் பொருந்தியது கடைசிப் பிரிவினருக்கே. 1983க்குப் பின் கனடா சென்ற ஈழத்தமிழரில் பெரும்பாலோர் அகதிகளாகவோ குடும்ப இணைவு வழியாகவோ சென்றவர்கள். அவர்கள் வருகையைப் புள்ளிகள் தீர்மானிக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பொறியாளர், கணினித் துறையினர் பலருக்கோ புள்ளி முறையே வாசலாயிற்று. கியூபெக் மாகாணம் தனக்கான பொருளாதாரக் குடியேறிகளைத் தன் சொந்தப் புள்ளிப் பட்டியலால் தெரிவுசெய்கிறது.

2002இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எந்தத் தொழிலுக்குத் தேவை இருக்கிறது என்று பார்ப்பதைக் கைவிட்டு, எத்தொழிலுக்கும் மாறக்கூடிய கல்விக்கும் மொழிக்கும் முதன்மை தந்தது. அதிகாரியின் நேர்முக மதிப்பீட்டுப் புள்ளிகளும் மறைந்தன. தேர்ச்சிப் புள்ளி முதலில் 75, 2003இல் 67.

ஆனால் தேர்ச்சி பெற்ற எவரையும் ஏற்கவேண்டியிருந்தது, ஆண்டுக்கு அனுமதிக்கும் எண்ணிக்கையோ வரையறுக்கப்பட்டிருந்தது. இதனால் விண்ணப்பங்கள் குவிந்தன. பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2012இல் அரசு, 2008 பிப்ரவரி 27க்கு முன் அளிக்கப்பட்டு முடிவெடுக்கப்படாதிருந்த விண்ணப்பங்களைச் சட்டத்தின்மூலம் ரத்துசெய்து கட்டணத்தைத் திருப்பித் தந்தது. சுமார் 2,80,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி

2015 ஜனவரி 1 முதல், எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், தகுதி உடையோர் ஒரு பட்டியலில் சேர்க்கப்பட்டு, 1,200 புள்ளிகள் கொண்ட தரவரிசையில் மேலே உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்க அழைக்கப்படுகின்றனர். மாகாண நியமனம் பெற்றால் 600 புள்ளிகள் கூடும். 20 முதல் 29 வயது வரை வயதுக்கான முழுப் புள்ளி கிடைக்கும். 30 முதல் குறையத் தொடங்கி 45இல் பூஜ்யமாகும். நிலையான தேர்ச்சிப் புள்ளி இல்லாததால், ஒரே தகுதியுடைய இருவரில் ஒருவர் ஒரு சுற்றில் அழைக்கப்படுவதும் மற்றவர் அடுத்த சுற்றில் விடுபடுவதும் இயல்பு. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 பிப்ரவரி 13 அன்று, கனடாவில் பணி அனுபவம் பெற்றவர்களுக்கான சுற்றில் 75 புள்ளிகளே போதுமானதாக இருந்தன. 27,332 பேர் அழைக்கப்பட்டனர்.

2023 முதல் மருத்துவம், கட்டுமானம், பிரெஞ்சு மொழி முதலிய பிரிவுகளுக்குத் தனிச் சுற்றுகள் நடத்தப்படுகின்றன. 2002இல் கைவிடப்பட்ட தொழில்வாரித் தெரிவு இவ்வாறு மீண்டது. வேலை உறுதிக் கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதால், முன்கூட்டியே உறுதியான வேலைக்கான கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச் 25 அன்று நீக்கப்பட்டன.

விமர்சனம்

பட்டத்துக்குப் புள்ளி தருவது மத்திய அரசு. மருத்துவர், பொறியாளர் முதலியோருக்குத் தொழில் உரிமம் தருபவை மாகாண ஒழுங்குமுறை அமைப்புகள். படிப்பால் உள்ளே வந்தவர் அதே படிப்பைக் கொண்டு தொழில் செய்ய முடியாமல் போவதற்கு இப்பிளவே முக்கியக் காரணம். உரிமம் வழங்கும் நடைமுறை நியாயமாக இருக்கவேண்டும் என ஒன்டாரியோ 2006இல் சட்டம் இயற்றியது. ஆயினும் தெரிவும் உரிமமும் வெவ்வேறு கைகளில் இருப்பது தொடர்கிறது.