திறக்கும் கதவும் திருந்தும் மனமும்

நெய்வேலி நகரியத்தில் வாழும் நமக்குச் சுரங்கத்தின் அரிச்சுவடி தெரியும். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை ஓயாது இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான் பாதுகாப்பாக வெட்ட முடியும். மனநோயின் பிடியில் வன்முறை புரிந்தோரைத் திருத்த முயன்ற வரலாற்றைப் படிக்கையில் இப்பாடமே நினைவுக்கு வருகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், 1794இல், சென்னையில் மனநோயாளர் விடுதி தோன்றியது. 1871 முதல் அது கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவருகிறது. சித்தசுவாதீனமின்மையால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது என்றது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக அவ்விதி தொடர்கிறது. சட்டம் தண்டனையிலிருந்து காத்தது; விடுதலைக்கு நாள் குறிக்கவில்லை.

அதன் விலையைக் கொடுத்தவர் அஸ்ஸாமின் மச்சங் லாலுங். கொடுங்காயம் விளைவித்ததாக 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். நலமடைந்துவிட்டார் என 1967இல் மருத்துவர்கள் சான்றளித்தும் அவர் போய்ச் சேர்ந்தது குவாஹாட்டி சிறைக்கு. விசாரணையே நடவாமல் 54 ஆண்டுகள் கழிந்தபின், 2005இல் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளிவந்தார். குணமானதற்கு இதுவே பரிசென்றால், குணமாக எவர் விரும்புவார்?

கட்டாயமும் கைகொடுக்கவில்லை. கனடாவின் ஓக் ரிட்ஜ் மருத்துவமனையில் 1960களில் தொடங்கிய தீவிரக் குழுச்சிகிச்சையில் விலகும் உரிமை நோயாளிகளுக்கு இல்லை. அங்கிருந்து வெளிவந்தோரை ஆராய்ந்த 1992ஆம் ஆண்டு ஆய்வு, குற்றவுணர்வற்ற சைக்கோபதி இயல்பினர், சிகிச்சை பெறாத அதே இயல்பினரைவிட அதிகமாக வன்குற்றம் புரிந்ததைக் கண்டது. ஏனையோருக்கோ அது பயன்பட்டிருந்தது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளர்களுக்காக வேறொரு வழியை முன்வைத்தார். வாதிட்டால் மறுப்பே வலுக்கும். மாறுவதற்கான காரணத்தை அவரவர் வாயாலேயே சொல்ல வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் குற்றவாளிகளிடமும் அம்முறை கையாளப்பட்டது. நோய் முற்றிய நிலையில் முதலில் மருந்துதான் வேண்டும். உரையாடல் அதன்பின்.

ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நல்லதுதான். காயம்பட்டவரின் அச்சத்தை நாம் மறக்கலாகாது. அவரது பாதுகாப்பும் எதிரிலிருப்பவர் மெய்யாகவே மாறுவதில்தான் இருக்கிறது. அதற்கு, ஒருநாள் கதவு திறக்கும் என்று உள்ளிருப்பவர் நம்பவேண்டும். அந்த நாளில் அவரை ஏற்க ஓர் ஊரும் இருக்கவேண்டும். அவ்வூர் நம்முடையதாக இருந்தால் நாம் என்ன செய்வோம்?